அல் கூஸில் பூத்த பெயரில்லாச் செடி

1. சில்லர் நின்ற ஞாயிறு

ஆகஸ்ட் மாதம் துபாயில் ஏ.சி. நின்றுபோனால் மனுஷர்கள் காரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாலில் போய் உட்கார்ந்துவிடலாம். செடி எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ருவைஸில் ரிஃபைனரி வேலையில் இருக்கும் என் கணவர் வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்காகக் கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் கம்பெனி டெக்னீஷியன் முருகேசன்.

"மேடம், சில்லர் ட்ரிப் ஆயிருச்சு. எத்தன தடவ போட்டாலும் நிக்குது. உள்ள நாப்பதத் தாண்டிருச்சு மேடம். செடியெல்லாம் தொங்குது. வெரசா வாங்க."

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. என் மகள் சோபாவில் படுத்தபடியே, "அம்மா, ரிலாக்ஸ், இட்ஸ் ஜஸ்ட் பிளான்ட்ஸ்" என்றாள். வந்து வைத்துக்கொள்கிறேன் உன்னை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரி. தாவரவியல் படித்து, மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மழையிலும் அட்டைக்கடியிலும் ஆர்க்கிட் பின்னால் அலைந்து, எது எந்த இனம் என்று பிரித்து அடையாளம் காணும் வேலையில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு, பாலைவனத்தில் உனக்கென்ன வேலை கிடைக்கும் என்று சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. கிடைத்தது. மால் ஒன்றுக்குள் கண்ணாடிக் கூரை போட்டு, செயற்கை மழை பெய்யவிட்டு, மழைக்காடு என்று டிக்கெட் விற்கும் கம்பெனியில் வேலை. விசாவில் என் தொழில் 'தோட்ட மேற்பார்வையாளர்' என்றிருக்கும். போகட்டும்.

மாலில் ஜனங்கள் பார்ப்பது முன்பக்கம். பின்பக்கம் இருப்பது அல் கூஸில். கராஜ்களுக்கும் தச்சுப் பட்டறைகளுக்கும் நடுவே ஒரு வேர்ஹவுஸ், அதற்குள் தகடு அடித்த பெரிய குளிரறை. காட்சிக்கு வைக்க முடியாத செடி, நோயாளிச் செடி, ஓய்வெடுக்கும் செடி எல்லாம் அங்கேதான். நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்ததும் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது.

பக்கத்து மீன் கோடவுனில் ஐஸ் வாங்கினோம். சாக்குகளை நனைத்து அலமாரிகளின் மேல் போட்டோம். முருகேசன் பனியனோடு குளிரூட்டும் சில்லர் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் ராமநாதபுரத்துத் தமிழிலும் இந்தியிலும் சொன்னான். நான் கேட்காத மாதிரி இருந்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் மாற்றுப் பாகம் வந்தது. மெஷின் உறுமி ஓட ஆரம்பித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை போய்க் கதவைத் திறந்தால், உள்ளே பல் கிட்டியது. தெர்மோஸ்டாட்டில் பதினாறு!

"ஏய்யா, இது என்ன உன் லேபர் கேம்ப் ரூமா? நேத்து வேகவச்சே, இன்னைக்கு உறையவைக்கிறியா? இதுகளுக்கு எவ்வளவு வைக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கேன்ல?"

முருகேசன் தலையைச் சொறிந்தான். "இல்ல மேடம், வெந்து கெடந்துச்சுகளே, சித்த நேரம் நல்லாக் குளிரட்டும்னு வச்சேன். அசதியில அப்படியே தூங்கிப் போயிட்டேன்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வளைகுடாவில் ஏ.சி. ரிப்பேராகிச் சரியானால் எவரும் முதலில் செய்வது பதினாறில் வைப்பதுதான். என் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அவனை ஒரு மாதம் பேசாமல் ஒதுக்கியிருப்பேன். வேறு கவலை இருந்ததால் அதற்கும் நேரமில்லாமல் போனது.

2. மாதக் கடைசி

அந்த வேறு கவலை இதுதான். மாலில் இருந்த ஆர்க்கிட் கூடத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் கபே வைக்கப் போகிறார்கள். செடிகளை வெளிநாட்டுப் பூங்கா ஒன்று வாங்கிக்கொள்கிறது. ஆர்க்கிட்டை நாடு விட்டு நாடு அனுப்ப பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் இனத்தின் முழுப் பெயர் வேண்டும். பெயருள்ளவை விமானம் ஏறும். பெயர் தெரியாதவற்றை மாதக் கடைசிக்குள் அழித்துவிட வேண்டும் என்று சுற்றுச்சூழல் துறையிலிருந்து உத்தரவு.

பெயர் தெரியாதவை எங்களிடம் எப்படி வந்தன என்றால், ஏர்போர்ட் வழியாக. பெர்மிட் இல்லாமல் பெட்டிக்குள் ஒளித்து ஆர்க்கிட் கடத்துகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் செடிகளைப் பாதுகாக்க அரசு எங்களிடம் ஒப்படைக்கும். அவை நிற்பதற்கென்று குளிரறையின் கடைசியில் ஒரு அலமாரி. அதிலிருந்தவற்றுக்கு நான் ஒவ்வொன்றாகப் பெயர் கண்டுபிடித்துவிட்டேன். ஒன்று மட்டும் மிஞ்சியது.

பார்க்க ஒன்றுமில்லை. மரக்கட்டையில் கட்டிய, காய்ந்த குச்சி மாதிரித் தண்டுகள், ஒல்லி இலைகள். வந்து மூன்று வருஷமாகப் பூக்கவில்லை. ஆர்க்கிட்டை இலையையும் தண்டையும் வைத்து அடையாளம் சொல்ல முடியாது, பூ வேண்டும். பூவுக்குள்ளும் உதடு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கீழ் இதழ் வேண்டும். ஜாதகம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பூக்காத ஆர்க்கிட் வாய் திறக்காத ஆள் மாதிரி, என்ன கேட்டாலும் பதில் வராது.

சில்லர் நிற்பதற்கு முந்தின வாரமே மேனேஜர் வெங்கட்டிடம் போனேன். சென்னைக்காரர், கெட்டவர் இல்லை. எதற்கெடுத்தாலும் கையைப் பிசைவார்.

"சார், அந்த ஒண்ணுக்கு மட்டும் டயம் கேளுங்க. பூத்துட்டா பேரைச் சொல்லிடுவேன்."

"மேடம், மூணு வருஷமா பூக்காதது மூணு வாரத்துல பூக்குமா? பி.ஆர்.ஓ. மூலமா கேட்டுப் பாக்குறேன். ஆனா எதிர்பார்க்காதீங்க."

இரண்டு நாள் கழித்து வந்து, "கேட்டாச்சு மேடம். மாஃபி, முடியாதாம்" என்று கையை விரித்தார்.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்துக்கு நாமாக நேரே போகமாட்டோம். கம்பெனிக்காக அரசு வேலைகளைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ. போவார், அவர் கேட்பார், அவர் சொல்வதுதான் பதில். போகக் கூடாது என்று யாரும் தடுத்ததில்லை. எதற்கு வம்பு, விசாவில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று நாமே போட்டுக்கொண்ட கோடு அது. வந்த நாளிலிருந்து நானும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

3. மொட்டு

பதினாறு டிகிரிக் கூத்து முடிந்து ஒரு வாரம் இருக்கும். அந்தச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்த குச்சிகளின் கணுக்களில் வெள்ளையாக, அரிசி மணி போல மொட்டுகள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெப்பக் காடுகளில் ஒரு ஆர்க்கிட் கூட்டம் உண்டு. கொளுத்தும் வெயிலுக்குப் பின் திடீரென்று ஒரு பெருமழை வந்து குளிர்ந்தால், அந்தக் குளிர்ச்சியைக் கணக்கு வைத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் வாக்கில் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். சாயங்காலம் வாடிவிடும். பாடத்தில் படித்ததுதான், நேரிலும் பார்த்ததுதான். ஆனால் இந்தச் செடி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்டு வேறு மாதிரி இருந்தது. மூன்று வருஷமும் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சூட்டில் பத்திரமாக வைத்து, அதற்கு ஒரு மழையும் வராமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். முருகேசன் வேகவைத்து உறையவைத்ததில் செடி மழை வந்துவிட்டதென்று ஏமாந்துபோனது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் பண்ணதா மேடம்?" என்று மிரண்டான்.

"நீ பண்ணதுதான். ஆனா இனிமே பதினாறுல வச்சே, கையை ஒடிச்சிருவேன்."

சந்தோஷம் அரை நாள்கூடத் தங்கவில்லை. மொட்டின் பக்கவாட்டைப் பார்த்தேன். பூவின் அடியில் தாடை போல ஒரு பகுதி இருக்கும். இந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த எதற்கும் இல்லாதபடி அது கொக்கியாக வளைந்திருந்தது. ஒருவேளை இது யாரும் இதுவரை பார்க்காத இனமோ?

இந்தத் துறையில் இருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையில் ஒரு முறையாவது புது இனம் ஒன்றைக் கண்டு பெயர் வைக்க வேண்டும் என்பார்கள். எனக்கும் படிக்கிற காலத்திலிருந்து அந்த ஆசை. அது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றபோது எனக்கு வந்தது பயம். ஏனென்றால், ஏற்கெனவே பெயருள்ள இனமாக இருந்தால் பூத்த அன்றைக்கே பெயரை எழுதிக் கொடுத்து விமானம் ஏற்றிவிடலாம். புது இனம் என்றால் அதற்குப் பெயர் கிடையாது. நான் விளக்கம் எழுதி, நிபுணர்கள் படித்து, ஆய்விதழில் வெளியானால்தான் பெயர். எப்படியும் ஒரு வருஷம். மாதக் கடைசிக்கு இருந்ததோ சில நாட்கள். அது சாதாரணமாக இருந்தால் பிழைக்கும். அபூர்வமாக இருந்தால் குப்பையோடு எரியும்!

கணவரிடம் போனில் சொல்லி முடித்தபோது அவர் கேட்டார், "அப்ப நீ இப்ப என்னன்னு சாமி கும்பிடுவ?"

"புதுசா இருக்கக் கூடாதுன்னுதான்" என்றேன்.

4. பூத்த காலை

குளிரறைக் கதவைத் திறந்தபோதே வாசனை. தண்டு முழுக்க வெள்ளைப் பூ. ரசிக்க மனசு எங்கே இருந்தது? சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதற்குள் ஆதாரத்துக்காக ஒரு தண்டைப் பூவோடு வெட்டித் தாளுக்கிடையில் அழுத்தி வைக்க வேண்டும். சில பூக்களை ஆல்கஹாலில் போட வேண்டும், அழுத்தினால் உதட்டின் வடிவம் நசுங்கிவிடும் என்பதால். போட்டோ, அளவு எல்லாம் எடுக்க வேண்டும்.

ஆல்கஹால் இல்லை. மாதக்கணக்கில் எழுதிக் கேட்டும் அனுமதி வந்தபாடில்லை. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து முருகேசன், "ரெண்டு ஷெட்டு தள்ளி அத்தர் கம்பெனி இருக்குல்ல மேடம், அங்க டிரம் டிரம்மா வச்சிருக்கானுக" என்றான். இரண்டு பேரும் ஓடினோம். அங்கிருந்த பாகிஸ்தானி பாய் நாங்கள் கேட்டதை நம்பாமல் முழித்தார்.

"ஃபூல் கோ டுபானா ஹை? இத்னா அச்சா ஃபூல்?" பூவையா அமுக்கப் போகிறீர்கள் என்று அவருக்கு ஒரே வருத்தம். பிறகு வாசனை சேர்க்காத வெறும் ஆல்கஹாலைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு பூவைத் தனக்குக் காட்டச் சொன்னார். காட்டினேன். "மாஷா அல்லா" என்றார்.

திரும்பி வந்து ஒரு பூவைப் பிரித்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். உதட்டின் நடுவில் நீளவாக்கில் மேடுகள் ஓடும், கீல் என்போம். இந்தக் கூட்டத்தில் அது இத்தனை, இப்படி என்று கணக்கு இருக்கிறது. கடவுளே, தெரிந்த மாதிரியாக இரு, தெரிந்த மாதிரியாக இரு என்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தேன். கீல்கள் நுனியில் உடைந்து பழுப்பு மணிகளாகச் சிதறியிருந்தன. பக்க மடல்கள் உள்பக்கம் மடிந்திருந்தன. கைவசமிருந்த எல்லா நூல்களையும் விரித்துவைத்துப் பிடிவாதமாக ஒவ்வொரு இனத்தோடும் பொருத்திப் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை. நானே வேண்டுமென்று ஒன்றில் திணிக்கப் பார்த்தும் அது நுழையவில்லை.

சிங்கப்பூரில் இந்தக் கூட்டத்துக்கென்றே வாழ்க்கையைச் செலவழித்த நிபுணர் ஒருவர் இருக்கிறார். படங்களை அனுப்பினேன். பதில் உடனே வந்தது. 'இதை நான் பார்த்ததே இல்லை. மனமார்ந்த வாழ்த்துகள்!' வாழ்த்தைப் படித்துவிட்டுத் திட்டு வாங்கினவள் போல உட்கார்ந்திருந்தேன்.

வெங்கட் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இதுக்குப் பக்கத்துல இருக்கற இனம் ஏதாச்சும் ஒண்ணு பேர் சொல்லுங்க. அதையே போட்டுருவோம். யாரு லென்ஸ் வெச்சுப் பாக்கப் போறா? செடி பொழச்சுக்கும்ல?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த யோசனை வந்து போயிருந்தது. செடி பிழைக்கும்தான். ஆனால் அதற்கு நெருங்கிய, வாசல்தோறும் தொங்கும் சாதாரணப் பூவின் பெயரோடு போனால், அந்தப் பூங்காவில் ஒரு மூலையில் தொங்கவிடுவார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். காய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அதே பெயரில் இன்னொன்று வாங்குவார்கள்.

"முடியாது சார். தப்பான பேர்ல என் கையெழுத்து விழாது."

"அப்ப எரிக்கத்தான் வேணும். நான் என்ன பண்றது சொல்லுங்க? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க படிக்குது இங்க." அவர் கத்தவில்லை, கெஞ்சினார். அதனால்தான் எனக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அவர் போன பிறகு கணவருக்குப் போன் போட்டேன். துறையிலிருந்து ஒரு முறை செடிகளைப் பார்க்க வந்த மர்யம் என்ற எமிராத்தி அதிகாரியின் எண் என்னிடம் இருந்தது. நேரே கூப்பிடப் போகிறேன் என்றேன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மேனேஜரத் தாண்டிப் போனா சும்மா விடுவாங்களா? வேலை போனா போகுது, கம்ப்ளெயின்ட் கிம்ப்ளெயின்ட்னு ஆச்சுன்னா?" பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்டது. பிறகு, "பூ எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப என்கிட்ட என்ன பேசிட்டிருக்க? கூப்பிடு."

5. மர்யம்

போனை எடுக்கவில்லை. படத்தை அனுப்பி, இது பெயரே இல்லாத இனம், இன்று ஒரு நாள்தான் பூ, தயவுசெய்து வந்து பாருங்கள் என்று எழுதினேன். படித்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. மத்தியானம் போனது. முருகேசன் டீ கொண்டுவந்து வைத்தான், ஆறியது. கேட்டில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். லேபர் துறைக்கு என்னைப் பற்றி எழுதியிருப்பாளோ, வெங்கட்டைக் கூப்பிட்டிருப்பாளோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பூக்களின் ஓரம் சுருங்க ஆரம்பித்தது.

வந்தாள். கறுப்பு அபாயா, வெயிலில் சிவந்த முகம். எங்கள் வெங்கட் எங்கிருந்தோ ஓடிவந்து மூச்சிரைக்க நின்றார். மர்யம் அவரைக் கவனிக்கவே இல்லை. நேரே கடைசி அலமாரிக்குப் போய், குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவள் பேசியது ஆங்கிலமும் நடுநடுவே அரபியும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது அந்தச் செடிதானே? குச்சி மாதிரி இருந்ததே?"

"ஆமா மேடம். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அந்தப் பெட்டியைத் திறந்தது நான்தான். அப்ப ஏர்போர்ட் டியூட்டி." பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "காலுறைக்குள்ள சுருட்டி, ஈரப் பேப்பர் சுத்தி வச்சிருந்தான். பெட்டி முழுக்க. கேஸ் எழுதணும்னா இனம் என்னன்னு எழுதணும். எங்க யாருக்கும் தெரியல. பேர் சொல்றதுக்கு ஆள் வரட்டும்னு ஸ்டோர்ல வச்சாங்க. அந்த ஸ்டோர்ல ஏ.சி. கிடையாது. ஆள் வர்றதுக்குள்ள எல்லாம் அழுகிப்போச்சு. ஒண்ணுதான் பச்சையா இருந்தது. அதை நானே மடியில வச்சுக் காரோட்டிட்டு வந்து இங்க கேட்ல கொடுத்துட்டுப் போனேன்."

எனக்குக் காதில் விழுந்தது ஒரு சொல்தான். பெட்டி முழுக்க.

"மேடம், பெட்டியில் இருந்ததெல்லாம் வேற வேற செடியா?"

"இல்லை. எல்லாம் இதே குச்சி."

"எங்கேயிருந்து கொண்டுவந்தான்?"

"வாயே திறக்கலை. பல ஃப்ளைட் மாறி வந்தவன். திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆர்க்கிட் திருடர்களின் வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கே ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டார்கள், மற்றவன் வந்து எடுத்துவிடக் கூடாதே. ஒரு பெட்டி முழுக்க ஒரே இனம் என்றால் ஏதோ ஒரு மலைச்சரிவை முழுசாக வழித்து எடுத்திருக்கிறார்கள். இந்த வகைச் செடிகளில் சில, உலகத்திலேயே ஒரே ஒரு சரிவில்தான் இருக்கும்.

மர்யம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உலகத்துல இது எத்தனை இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு..." என்று ஆரம்பித்தேன். விரலைக் காட்டினேன். ஒன்று.

அவள் அங்கேயே நின்று யாருக்கோ போன் செய்தாள். அரபியில் கொஞ்ச நேரம் மெதுவாகவும், பிறகு சத்தமாகவும் பேசினாள். வெங்கட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சது. இதை யாரும் தொடமாட்டாங்க. எழுத்துல வரும். பேர் வர்ற வரைக்கும், வந்த பிறகும், இது உங்க பொறுப்புல" என்றாள். பிறகு, "ஏன் முன்னாடியே கேக்கலை?" என்று கேட்டாள்.

"பி.ஆர்.ஓ. வந்து கேட்டாராம், முடியாதுன்னு சொன்னீங்களாம்."

"எங்ககிட்ட யாரும் வரலையே."

நான் வெங்கட்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பி.ஆர்.ஓ.விடம் கேட்கவே அவர் பயந்திருக்கிறார். கேட்டிருந்தாலும் அந்த பி.ஆர்.ஓ. துறையில் வாயைத் திறந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அன்று அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

6. பெயர் வந்த பிறகு

மிச்சமிருந்த பூக்களில், வாடுவதற்குள், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் பல்குச்சியால் வைத்தேன். காய் பிடித்தால் விதை, விதை இருந்தால் வம்சம். அடி லேசாகப் பருத்தது, ஒரு வாரம் தூங்காமல் நம்பினேன், மஞ்சளாகி உதிர்ந்தது. இந்தக் கூட்டத்துச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. காய்க்க இன்னொரு செடி வேண்டும். தண்டிலிருந்து கிளைத்த குட்டியைப் பிரித்து வளர்த்தேன், வளர்கிறது. ஆனால் அது இன்னொரு செடி இல்லை, அதே செடிதான்.

விளக்கம் எழுதி அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி, ஆய்விதழில் வெளியாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. புது இன விளக்கத்தில் 'எங்கே வளர்கிறது' என்று ஒரு தலைப்பு உண்டு. காடு, மலை, எவ்வளவு உயரம், எந்த மரத்தின் மேல் என்றெல்லாம் எழுதுவார்கள். அதன் கீழே 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குறிப்பில் பெயரைச் சொல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். பெயர் வெளியான வாரமே எனக்கு முன்பின் தெரியாதவர்கள், குட்டி இருக்கிறதா, என்ன விலை என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது குளிரறைக்கு இரட்டைப் பூட்டு. சாவி என்னிடம் ஒன்று, முருகேசனிடம் ஒன்று. லீவில் மதுரைக்குப் போனாலும் தினமும் காலையில் அவனைக் கூப்பிட்டு, "இருக்கா?" என்பேன். "இருக்கு மேடம்" என்பான். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். வருஷத்துக்கு ஒரு முறை நாங்களே சூடேற்றிக் குளிரவைத்து அதற்கு மழை காட்டுகிறோம். பூக்கிறது. ஒவ்வொரு முறையும் தனியாகவே பூக்கிறது.

மலைகளில் வேலை செய்யும் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிறேன். இதுவரை ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

வெளியான அன்று கம்பெனியில் கேக் வெட்டினார்கள். ருவைஸிலிருந்து கணவர் லீவு போட்டு வந்தார். மகள் தோழிகளிடம், "மை மாம் டிஸ்கவர்ட் எ ஸ்பீஷீஸ்" என்று பெருமையடித்தாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். துக்கம் கேட்க வேண்டிய வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் உடனே அதற்குப் பெயர் யோசிக்காதீர்கள். இன்னொன்று எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.